ஷேடு கார்டு

டென்மார்க்காரன் ஸ்கிரீனில் காத்திருந்தான்.
கன்னத்துக்கு ஒன்றாய்
இரண்டு வெள்ளைத் துண்டுகளைப் பிடித்துக் காட்டினேன்.
இடதா வலதா என்று அவன் யோசித்த நேரத்தில்
மூலைக் கட்டத்தில் என்னைப் பார்த்தேன்.
இரண்டு வெள்ளைக்கும் நடுவே
ரிஜக்ட் ஆன மூன்றாவது.

இருபத்தெட்டு வருஷமாய்
வெள்ளை பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன்.
பால் வெள்ளை, நீலம் ஓடிய வெள்ளை, ஹாஃப் ஒயிட்,
பட்டறைக்கே போகாத கோரா.
சொந்த வாயை லைட் பாக்ஸில் வைத்ததில்லை.

பல்லடம் ரோட்டில் பேக்கரிக்கு மேல்மாடி.
டாக்டர் ஹசீனா ஒரு கொத்துப் பல்லை எடுத்து விரித்தாள்.
பதினாறு பல், பதினாறு நிறம்,
காம்புக்குக் காம்பு நம்பர்.
அட, இது எங்க ஆபீஸ் சாமானாச்சே!
டியூப் லைட்ல பாக்காதீங்க அம்மிணி, ஏமாத்திப் போடும்,
வடக்குச் சன்னலுக்கு வாங்க என்றேன்.
வந்தாள்.

கறை இல்லைங்க, தேய்மானம் என்றாள்.
மேல்பூச்சு மெலிய மெலிய
உள்ளே இருக்கும் மஞ்சள் எட்டிப் பார்க்கிறதாம்,
நைந்த வாயில் புடவைக்குள்
உள்பாவாடை தெரிகிற மாதிரி.
ஈறு விலகிப் பல் நீண்டிருக்கிறது.
மேலுதடு தொங்கி,
இப்போதெல்லாம் நான் சிரித்தால் முன்னால் வருவது
கீழ்வரிசை,
காலை ஏழரை டவுன் பஸ் போல நெருக்கியடித்துக்கொண்டு.

இது மட்டும் எப்படி?
மேல்வரிசையில் ஒன்றைத் தட்டினாள்.

அது ஊத்துக்குளி ரயில்வே கேட்டில்
மொபெட்டோடு விழுந்து
முப்பத்திரண்டு வயதில் கட்டிய பல்.
பக்கத்துப் பற்களோடு ஒட்டிப்போய்
எதுவென்று எனக்கே மறந்திருந்தது.
பீங்கானுக்கு வயதாகவில்லை.
ஆபீஸ் பீரோவில் சீல் வைத்த கவரில் கிடக்குமே
அப்ரூவ்டு சாம்பிள்,
அப்படி என் முப்பத்திரண்டு
வாய்க்குள்ளேயே இருந்திருக்கிறது.

வெனீர் என்றால் நகக்கனத்தில் ஓடு.
ஒட்டுமுன் நல்ல பல்லைக் கொஞ்சம் சீவவேண்டும்,
சீவினால் சீவினதுதான்.
உடைந்த நுனிக்கு ரெசின் பூசலாம்,
சில வருஷத்தில் அதுவும் நிறம் மாறும்.
இல்லையென்றால் ப்ளீச்.

என்ன மருந்து?
பெராக்சைடு.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
தொட்டி தொட்டியாய் அதில் முங்கித்தானே
எங்கள் ஊர் பனியன் வெளுக்கிறது.
அளவு மீறினால் நூல் இத்துப்போகும் என்று
எத்தனை லாட்டைத் திருப்பியிருக்கிறேன்!

கட்டின பல் வெளுக்காதுங்க,
அது அப்படியேதான் இருக்கும் என்றாள்.
அப்ப அதுதான் ஸ்டாண்டர்டு.
அதுக்கு ஒரு ஷேடு கீழயே நிறுத்திருங்க.
முழுசாப் பொருந்தினா
நானே நம்ப மாட்டேன்.

ரெண்டு வாரம் ராத்திரி தட்டு மாட்டித் தூங்கவேண்டும்.
கட்டஞ்சாயா ஆகாது, பீட்ரூட் ஆகாது,
மஞ்சள் ஆகாது.
சிவகிரிக்காரிக்கு மஞ்சள் ஆகாதாம்!

நாட்ராயன் காங்கயத்து ஆள்.
தாடையைப் பிடித்துத் திருப்பி
சந்தையில் மாட்டுக்குப் பார்ப்பதுபோல்
உதட்டைத் தூக்கிப் பார்த்தார்.
கடை சேந்து ரொம்ப நாளாச்சே என்றார்.
விரலைக் கடிக்கப் போனேன்.
பல் கூசியது.

மூன்றாம் நாள் ராத்திரி
அரிசிம்பருப்பு அவர்தான் வைத்தார்,
மஞ்சள் போடாமல்.
குக்கரைத் திறந்து ஆவி அடங்கும்வரை
இருவரும் எட்டிப் பார்த்தபடி நின்றோம்.
பருப்பு தன் மஞ்சளை
அங்கங்கே விட்டிருந்தது.

என்ன கலருன்னு சொல்லு பாக்கலாம்.

கோரா என்றேன்,
தட்டை எடுத்துக்கொண்டு.